கூண்டிலிருந்து நீண்ட விரல்

என் பெயர் ஆம்ப்ரோஸ் டக்கெட். பாரிஸ்டர்களுக்குக் குமாஸ்தாவாக முப்பத்தெட்டு வருஷம் உழைத்தவன். பாரிஸ்டர்களின் அலுவலகங்கள் நிறைந்த லண்டன் டெம்பிள் பகுதியில் குமாஸ்தா என்றால் மேஜையில் உட்கார்ந்து பேனா பிடிக்கிறவன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. எந்த வழக்கு யார் கைக்குப் போக வேண்டும், யார் எந்த ஊர் கோர்ட்டில் என்றைக்கு நிற்க வேண்டும் என்பதையெல்லாம் முடிவு செய்கிறவன் குமாஸ்தாதான். நாங்கள் அவர்களை 'சார்' என்று கூப்பிடுவோம். ஆனால் யார் யாரை நடத்துகிறார்கள் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

அந்தத் திமிரில்தான் மிஸ் ஹெஸ்டர் ஆர்மரோடை ஒரு வழக்கும் கொடுக்காமல் பதினான்கு மாதம் பட்டினி போட்டேன்.

பெண்களும் பாரிஸ்டர் ஆகலாம் என்று சட்டம் வந்து சில வருஷம்தான் ஆகியிருந்தது. பாரிஸ்டர்கள் சிலர் கூட்டாக நடத்தும் அலுவலகத்தைச் சேம்பர் என்போம்; எங்கள் சேம்பரின் தலைவர் மிஸ்டர் லாஸ்கம் ஒரு நாள் காலை அந்தப் பெண்ணை அழைத்துக்கொண்டு வந்து, "டக்கெட், இவங்க இனிமே நம்மகூட இருப்பாங்க" என்றார். இருபத்தேழு வயது இருக்கும். மான்செஸ்டர் பக்கத்து டாக்டர் ஒருவரின் மகள். மாடிப்படி வாசலில் பாரிஸ்டர்களின் பெயர் எழுதிய பலகையில் கடைசி வரியில் அவர் பெயரையும் எழுதச் சொன்னேன். பெயின்ட் அடிக்கிறவன், "மிஸ்ஸுனு போடணுமா, சும்மா பேர் மட்டும் போதுமா?" என்று கேட்டான்.

பகல் சாப்பாட்டுக்கு நாங்கள் குமாஸ்தாக்கள் கூடுகிற மதுக்கடையில் என்னை வறுத்து எடுத்தார்கள். பக்கத்து சேம்பர் குமாஸ்தா மாப்ஸ் தினமும் ஏதாவது சொல்வான்.

"என்ன ஆம்ப்ரோஸ், உங்க புது சாருக்கு டோப்பாவுக்குள்ள கொண்டை அடங்குதா?"

"சும்மா சாப்பிடுடா."

"இல்லப்பா, கவலையிலதான் கேக்கறேன். ஜூரிக்கு முன்னாடி அழுதுட்டா கர்சீப் யார் குடுக்கறது? நீயா, நீதிபதியா?"

அவன் சொல்வதுதான் சரி என்று எனக்கும் தோன்றியது. அந்த வசந்தத்தில் கட்சிக்காரர்களிடம் வழக்கு வாங்கி பாரிஸ்டர்களுக்குத் தரும் சொலிசிட்டர் ஒருவர், சின்ன வழக்கு ஒன்றுக்கு மிஸ் ஆர்மரோடைப் பெயர் சொல்லிக் கேட்டிருந்தார். அவருக்கு ஜலதோஷம் என்று பதில் எழுதி, வழக்கை எங்கள் இளைஞர் ஒருவரிடம் தள்ளிவிட்டேன். மிஸ் ஆர்மரோட் அன்றைக்குப் பக்கத்து அறையில்தான் உட்கார்ந்திருந்தார். பழைய தீர்ப்புகளைப் படித்துக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். ஒரு தும்மல்கூட இல்லை.

1925 அக்டோபர். நீதிபதி ஊர் ஊராகப் போய்ப் பெரிய குற்ற வழக்குகளை விசாரிக்கும் செஷன்ஸ், அந்த வாரம் ஹாட்பரி என்ற ஊரில். நீதிபதியோடு பாரிஸ்டர் கூட்டமும் சுற்றும். மிஸ்டர் லாஸ்கமுக்கு அங்கே இரண்டு வழக்குகள் இருந்ததால் நானும் போனேன். மிஸ் ஆர்மரோட் தன் செலவில், மூன்றாம் வகுப்பில் வந்து இறங்கினார். கையில் வழக்கு ஒன்றும் இல்லை.

"எதுக்கு மிஸ் இவ்வளவு தூரம்?" என்று ஸ்டேஷனிலேயே கேட்டுவிட்டேன்.

"கோர்ட்ல உக்காந்தாதானே கோர்ட் தெரியும், மிஸ்டர் டக்கெட்" என்றார்.

மற்றவர்கள் என்னை டக்கெட் என்பார்கள், இல்லாவிட்டால் ஆம்ப்ரோஸ் என்பார்கள். இவர் மட்டும் மிஸ்டர் டக்கெட் என்பார். அது ஏனோ எனக்குக் கொஞ்சம் எரிச்சலாக இருக்கும்.

ஹாட்பரி கோர்ட்டில் பாரிஸ்டர்கள் உடை மாற்ற ஒரு நல்ல அறை உண்டு. கணப்பு, பெரிய கண்ணாடி எல்லாம் இருக்கும். பெண் அங்கே நுழைய முடியாது. காவலாளி துடைப்பம் வைக்கிற அறையைத் திறந்துவிட்டான். அங்கே கண்ணாடி கிடையாது. மிஸ் ஆர்மரோட் வாளித் தண்ணீரில் முகம் பார்த்து டோப்பாவைச் சரிசெய்துகொண்டார். கதவுக்கு வெளியே நின்றிருந்த நான் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். அன்று மாலை எல்லா பாரிஸ்டர்களும் விடுதி மாடியில் சேர்ந்து விருந்து சாப்பிட்டார்கள். பழைய ஒயின், பழைய வேடிக்கை. பெண்களுக்கு அனுமதி இல்லை. அவர் கீழே தனியாக ஆட்டுக்கறியும் அவித்த உருளைக்கிழங்கும் சாப்பிட்டார்.

மறுநாள் காலை பத்தரை மணிக்குக் கூண்டில் ஒரு கைதியை ஏற்றினார்கள். பெயர் சேத் பெனக். ஐம்பது வயது இருக்கும். வேலி கட்டுகிறவர், பண்ணைகளில் தீவனப் புல்லைப் போர் போடுகிறவர். முதலாளி பிளாண்டி என்பவரின் புல் போருக்குத் தீ வைத்தார் என்பது குற்றச்சாட்டு. உறுதியானால் பல வருஷம் உள்ளே போக வேண்டியதுதான்.

"குற்றவாளி இல்லைங்க" என்றார் பெனக்.

"உனக்கு வக்கீல் இருக்காரா?" என்று கேட்டார் நீதிபதி திர்ல்பி. எழுபதை நெருங்கியவர். கழுகு மூக்கு. பெண்கள் பாரிஸ்டர் ஆவதை எதிர்த்து ஒரு பத்திரிகைக்குக் கடிதம் எழுதியவர்.

"இல்லைங்க. ஆனா அந்தக் கட்டணத்தை என் தங்கச்சி குடுத்தனுப்பியிருக்கா."

அவர் சொன்னதை நாங்கள் கூண்டு வக்காலத்து என்போம். சொலிசிட்டர் வைக்க வக்கில்லாத கைதி, பாரிஸ்டருக்கு இருபத்தொரு ஷில்லிங்குள்ள ஒரு கினியும் குமாஸ்தாவுக்கு இரண்டரை ஷில்லிங்கான அரை கிரவுனும் கட்டிவிட்டால் போதும். கோர்ட்டில் டோப்பாவும் அங்கியும் போட்டு உட்கார்ந்திருக்கிற எவரையும் விரல் நீட்டிக் கேட்கலாம். அவர் பிரபுவின் மகனாக இருந்தாலும், ஒரு வழக்குக்கு ஐந்நூறு கினி வாங்குகிறவராக இருந்தாலும் எழுந்து நின்றாக வேண்டும். முடியாது என்று சொல்ல வழியே இல்லை. எங்கள் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்த வழக்கம் இதுதான்.

பாரிஸ்டர்களுக்கு அவ்வளவாகப் பிடிக்காது. பெனக் வாயைத் திறந்ததுமே முன் வரிசையில் அசைவு தெரிந்தது. ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒருவர் காகிதங்களை எடுத்துக்கொண்டு குனிந்தபடியே கதவை நோக்கி நழுவினார். இன்னும் இருவர் அவர் பின்னால் போனார்கள். கூண்டு அவர்களுக்குப் பின்புறம் இருந்தது. கைதிக்குத் தெரிவதெல்லாம் முதுகுகளும், டோப்பாவிலிருந்து தொங்கும் இரண்டு வால்களும்தான்.

பெனக் நிதானமாகப் பார்த்தார். பிறகு விரலை நீட்டினார்.

"இடப்பக்கம் மூணாவதா இருக்காரே, அவரு."

மிஸ் ஆர்மரோட் எழுந்து திரும்பினார்.

கோர்ட் முழுக்கச் சிரிப்பு கிளம்பியது. தன் பாரிஸ்டரோடு வந்திருந்த மாப்ஸ் என் விலாவில் இடித்தான். பெனக்கின் முகம் சிவந்தது. நீதிபதி சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்தார்.

"பெனக், உனக்கு முகம் தெரிஞ்சிருக்காது. வேணும்னா வேற ஒருத்தரைக் கேட்டுக்கலாம்."

பெனக் அந்த முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தார்.

"வேணாங்கய்யா. மத்தவங்கல்லாம் கதவப் பாத்து நகந்துக்கிட்டு இருந்தாங்க. இவுங்க ஒருத்தங்கதான் அசையாம உக்காந்திருந்தாங்க. இவுங்களே இருக்கட்டும்."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. நழுவிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் கதவின் கைப்பிடியைப் பிடித்தபடியே நின்றுவிட்டார்.

பாரிஸ்டர் தயார் செய்துகொள்ள நீதிபதி ஒரு மணி நேரம் கொடுத்தார். நான் மிஸ் ஆர்மரோடின் பின்னாலேயே கைதி அறைக்குப் போனேன். கூண்டு வக்காலத்தில் சொலிசிட்டர் கிடையாதே, உதவிக்கு யாராவது வேண்டும். அறைக் கதவு திறந்ததும் அவர் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"மிஸ்டர் பெனக், புல்லைப் பத்தி எனக்கு ஒண்ணுமே தெரியாது. மில்லு, புகைபோக்கி நடுவுல வளந்தவ. சின்னக் குழந்தைக்குச் சொல்ற மாதிரி சொல்லுங்க. முதலாளியோட சண்டை எதுக்கு?"

"புல்லு பச்சையா இருந்துச்சும்மா. அறுத்த புல்ல நாலு நாள் நல்லா காயவெச்சுத்தான் போர் போடணும். மழை வரும்னு பயந்துக்கிட்டு ரெண்டே நாள்ல அள்ளிப் போடுன்னாரு. போட்டா எரியும்னு சொன்னேன். என்னையே மெரட்டுறியான்னு அன்னைக்கே வேலைய விட்டு அனுப்பிட்டாரு."

"பச்சைப் புல்லு எப்படி எரியும்?"

"உள்ளுக்குள்ள சூடு ஏறும்மா. காய்ச்சக்காரன் உடம்பு மாதிரி. மூணு வாரம், நாலு வாரம் போனா சர்க்கரை கருகுற வாடை வரும். வெவரம் தெரிஞ்சவன் நீளக் கம்பி ஒண்ண நடுவுல சொருகி, வெளிய எடுத்துத் தொட்டுப் பாப்பான். கம்பி சுட்டுச்சுன்னா போரப் பிரிச்சிடணும். பிரிக்கலேன்னா ஒரு நாள் நடுவுலேருந்து தானா புடிச்சிக்கும். யாரும் வத்திக்குச்சி கிழிக்க வேணாம்."

"இதைப் போலீஸ்ல சொன்னீங்களா?"

"எங்க போனேன், எப்ப வந்தேன்னுதான் கேட்டாங்க. புல்லப் பத்தி யாரும் கேக்கலம்மா."

மிஸ் ஆர்மரோட் கம்பியைப் பற்றி மூன்று முறை திருப்பித் திருப்பிக் கேட்டார். எவ்வளவு நீளம், எங்கே சொருகுவார்கள், எவ்வளவு நேரம் விடுவார்கள் என்று எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"மாஜிஸ்ட்ரேட் முன்னாடி சாட்சிகள் குடுத்த வாக்குமூலம் எனக்கு வேணும், மிஸ்டர் டக்கெட். சுருக்கம் வேணாம். அசல்."

செஷன்ஸ் அலுவலகத்துக்கு ஓடினேன். அங்கே இருந்த எழுத்தர் ஏற இறங்கப் பார்த்தார்.

"கூண்டு வக்காலத்துக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம், டக்கெட்? யாருக்கு இது?"

"என் பாரிஸ்டர் கேட்டாங்க. எடுத்துக் குடுங்க."

என் பாரிஸ்டர். பதினான்கு மாதத்தில் அந்த வார்த்தையை நான் அன்றைக்குத்தான் சொன்னேன். காகிதக் கட்டோடு திரும்பி ஓடும்போதுதான் அது எனக்கே உறைத்தது.

விசாரணை தொடங்கியது. அரசு தரப்பில் மிஸ்டர் க்ரூ. இருபத்தைந்து வருஷ அனுபவம், நல்ல கனத்த குரல். வேலை போன கோபத்தில் மிரட்டியது, நாலு வாரம் கழித்து ஒரு சாயங்காலம் வாயில் பற்றவைத்த பைப்போடு அந்தப் பக்கமாக நடந்துபோனது, அரை மணி நேரத்தில் போர் தீப்பிடித்தது என்று அழகாக அடுக்கிச் சொன்னார். ஜூரியில் பத்து ஆண்கள், இரண்டு பெண்கள். பாதிப் பேர் பண்ணைக்காரர்கள். புல் போர் எரிவது அவர்களுக்கு வீடு எரிகிற மாதிரி. அவர்கள் பெனக்கைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

முக்கிய சாட்சி பண்ணை மேஸ்திரி நோவா ட்ரிக். க்ரூ கேட்டதற்கெல்லாம் ஆமாம் என்றார். போரை எரிச்சிடுவேன் என்று பெனக் மிரட்டியதாகச் சொல்லிவிட்டு, பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்த முதலாளி பிளாண்டியை ஒரு முறை பார்த்துக்கொண்டார்.

மிஸ் ஆர்மரோட் எழுந்தார். குரல் தாழ்ந்துதான் வந்தது. ஆனால் கடைசி பெஞ்சு வரை கேட்டது.

"மிஸ்டர் ட்ரிக், அன்னைக்கு மிஸ்டர் பெனக் வாயிலேருந்து வந்த வார்த்தையையே சொல்லுங்க."

"எரிச்சிடுவேன்னு சொன்னாருங்க."

"அதே வார்த்தையா?"

"அந்த மாதிரிதாங்க."

"மாஜிஸ்ட்ரேட் முன்னாடி நீங்க குடுத்த வாக்குமூலம் என் கையில இருக்கு. கீழ உங்க கையெழுத்தா, பாத்து சொல்லுங்க."

"என்னுதுதாங்க."

"'இந்தப் போர் எரியத்தான் போகுது.' இதுதான் எழுதியிருக்கு. எரிக்கப்போறது யாருன்னு இதுல எங்கயாவது இருக்கா?"

ட்ரிக் காகிதத்தின் மேல் விரலை ஓட்டித் தேடினார். க்ரூ எழுந்தார்.

"மை லார்ட், இந்த அம்மணி வெறும் வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டு..."

"எந்த அம்மணி, மிஸ்டர் க்ரூ?" என்றார் நீதிபதி.

க்ரூ திகைத்தார்.

"எதிர் தரப்புல எனக்கு ஒரு பாரிஸ்டர்தான் தெரியறார். நான் இந்த டோப்பாவைப் போட்டு நாப்பத்தி நாலு வருஷம் ஆச்சு. அதுக்குக் கீழ யார் இருக்காங்கன்னு பாக்கக் கூடாதுன்னுதான் அதைப் போடறோம்."

"மன்னிக்கணும், மை லார்ட். கற்றறிந்த என் நண்பர் வெறும் வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டு..."

"அந்த வார்த்தையை நம்பித்தானே உங்க வழக்கே நிக்குது. உக்காருங்க."

கற்றறிந்த என் நண்பர். கோர்ட்டில் ஒரு பாரிஸ்டர் இன்னொருவரை அப்படித்தான் அழைக்க வேண்டும். நூறு தடவை காதில் விழுந்து தேய்ந்துபோன வார்த்தை. அன்றைக்கு எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. மாப்ஸ் பக்கம் நான் திரும்பவே இல்லை.

மிஸ் ஆர்மரோட் ஒன்றும் நடக்காதது போலத் தொடர்ந்தார்.

"தீப்பிடிச்சப்ப முதல்ல எங்க தெரிஞ்சுது?"

"உச்சியிலங்க. நடுவுல."

"அடியில இல்லையா? வத்திக்குச்சி வெச்சா அடியிலதானே வெப்பாங்க?"

"அடியில இல்லைங்க. நடுவுலேருந்துதான் பொத்துக்கிட்டு வந்துச்சு."

முன் வரிசையில் இருந்த பருத்த ஜூரி ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு சாய்ந்திருந்தவர், நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அதுக்கு முந்தின வாரம் அந்தப் போருக்குள்ள கம்பி சொருகிப் பாத்தீங்களா?"

ட்ரிக் மறுபடியும் பின் பெஞ்சைப் பார்த்தார்.

"மிஸ்டர் ட்ரிக், கேக்கறது நான். பதிலை ஜூரியைப் பாத்து சொல்லுங்க. அங்க பாக்க வேணாம்."

அவர் குரல் உயரவில்லை. அதட்டலும் இல்லை. பயந்துபோன மனிதனிடம் ஒரு டாக்டர் பேசுகிற மாதிரி இருந்தது. ட்ரிக் கெட்டவர் இல்லை. வேலைக்குப் பயந்தவர், அவ்வளவுதான். பைபிளைத் தொட்டுச் சத்தியம் செய்தது அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும்.

"சொருகினோம்."

"எதுக்கு?"

"வாடை வந்துச்சுங்க."

"என்ன வாடை?"

"சர்க்கரை கருகுற வாடை."

"கம்பியை வெளிய எடுத்து யார் தொட்டுப் பாத்தது?"

ட்ரிக் தன் வலது உள்ளங்கையைத் திறந்து பார்த்தார்.

"நான்தாங்க. ரெண்டு நாள் கொப்புளமா இருந்துச்சு."

"முதலாளிகிட்ட சொன்னீங்களா?"

"அன்னைக்கே சொன்னேங்க."

முதலாளி என்ன பதில் சொன்னார் என்று அடுத்த கேள்வி கேட்கத்தான் எந்த இளம் பாரிஸ்டருக்கும் நாக்கு துடிக்கும். கேட்டால் ட்ரிக் என்ன சொல்வார் என்று தெரியாது. ஒரு பொய் வந்தாலும் கட்டியதெல்லாம் சரிந்துவிடும். அனுபவசாலிகள்கூட அந்த இடத்தில் தடுக்கி விழுந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

"வேற கேள்வி இல்லை, மை லார்ட்" என்று மிஸ் ஆர்மரோட் உட்கார்ந்துவிட்டார்.

அதைச் சொல்லிக்கொடுக்க முடியாது. நாற்பது வருஷம் கோர்ட்டில் இருந்தாலும் சிலருக்கு அது வராது.

அடுத்து நடந்ததையும் நான் சொல்லியாக வேண்டும். க்ரூ தன் காகிதங்களைப் பார்த்தார், ட்ரிக்கைப் பார்த்தார், தன் பின்னால் இருந்த போலீஸ்காரரிடம் குனிந்து இரண்டு வார்த்தை கேட்டார். பிறகு எழுந்து நின்றார்.

"மை லார்ட், இந்தக் கம்பி விஷயம் எனக்குக் குடுத்த காகிதத்துல இல்லை. இருந்திருந்தா இந்த வழக்கை நான் ஆரம்பிச்சே இருக்கமாட்டேன். தண்டனை வாங்கித் தர்றது என் வேலை இல்லை. இதுக்கு மேல இந்த மனுஷனைத் தண்டிக்கச் சொல்லி ஜூரிகிட்ட என்னால கேக்க முடியாது."

"சரியாச் சொன்னீங்க" என்றார் நீதிபதி. ஜூரியை விடுதலைத் தீர்ப்பு சொல்லும்படி கேட்டுக்கொண்டார். அவர்கள் இடத்தை விட்டு எழவே இல்லை. அந்தப் பருத்த ஜூரிதான் தலைவர்.

"குற்றவாளி இல்லைங்க, மை லார்ட். பச்சைப் புல்லப் போர் போட்டவரு அங்க பின்னாடி உக்காந்திருக்காரு."

பிளாண்டி தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.

வெளியே வராந்தாவில் பெனக் தங்கையோடு வந்தார். மிஸ் ஆர்மரோடின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உண்மையச் சொல்லிடறேம்மா. முகத்தப் பாத்திருந்தா உங்களக் கேட்டிருக்க மாட்டேன்."

"தெரியும்" என்று சிரித்தார் அவர். "நல்ல வேளை, முதுகைப் பாத்தீங்க."

அவர்கள் போனபிறகு துடைப்ப அறை வாசலில் நாங்கள் இருவர் மட்டும் நின்றோம். அவர் டோப்பாவைக் கழற்றித் தகரப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார். நெற்றியில் அது அழுத்திய சிவப்புக் கோடு. இனிமேல் பேசாமல் இருந்தால் நான் மனுஷனே இல்லை என்று தோன்றியது.

"மிஸ், ஏப்ரல் மாசம் உங்களைக் கேட்டு ஒரு வழக்கு வந்துச்சு. உங்களுக்கு ஜலதோஷம்னு நான்தான் பொய் சொல்லி அனுப்பினேன்."

"தெரியும், மிஸ்டர் டக்கெட். அந்த சொலிசிட்டர் ஜலதோஷம் எப்படி இருக்குன்னு விசாரிச்சு எனக்குக் கடிதம் போட்டிருந்தார்."

"அப்பவே ஏன் மிஸ்டர் லாஸ்கம்கிட்ட சொல்லலை?"

"சொல்லியிருந்தா உங்களைத் திட்டியிருப்பார். எனக்குக் குமாஸ்தா கிடைச்சிருக்க மாட்டாரே."

நான் பெட்டியை வாங்கிக்கொண்டேன். அவர் வேண்டாம் என்றார். நான் விடவில்லை. அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, மற்ற குமாஸ்தாக்கள் நின்றிருந்த முற்றத்தின் நடுவே, அவருக்கு ஒரு அடி பின்னால் நடந்துபோனேன். மாப்ஸ் நகர்ந்து வழி விட்டான்.

அன்றைக்கும் விருந்து மாடியில்தான் நடந்தது, அவர் இல்லாமல். அந்த விதி மாற இன்னும் பல வருஷம் ஆனது. அதை நான் மறைக்கப்போவதில்லை. ஆனால் மறுநாள் காலை கோர்ட்டுக்குள் நுழைந்த க்ரூ, எல்லோரும் பார்க்க முன் வரிசையில் நகர்ந்து உட்கார்ந்து தன் பக்கத்தில் அவருக்கு இடம் விட்டார்.

அதற்கு முன்பே, நான் விடுதியில் காலைச் சாப்பாட்டில் இருந்தபோது, ஹாட்பரியின் பெரிய சொலிசிட்டர் ஒருவர் என் மேஜைக்கு வந்தார். லண்டன் பாரிஸ்டர்களை ஏற இறங்கப் பார்க்கிற ஆள். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"மிஸ்டர் டக்கெட், வியாழக்கிழமை எனக்கு ஒரு மோசடி வழக்கு இருக்கு. கொஞ்சம் சிக்கலானது. மிஸ் ஆர்மரோட் கிடைப்பாங்களா?"

வியாழக்கிழமை அவருக்கு ஒரு வேலையும் இல்லை. வெள்ளியும் இல்லை. அடுத்த வருஷம் முழுக்கவும் இல்லை. நான் டோஸ்டில் நிதானமாக வெண்ணெய் தடவினேன்.

"கஷ்டம் சார். அவங்களுக்கு ரொம்ப நெருக்கடியான வாரம்" என்றேன். "காகிதத்தைக் குடுத்துட்டுப் போங்க. உங்களுக்காக ஏதாவது செய்ய முடியுமான்னு பாக்கறேன்."